நீஸ் நகரத்தில் "கோட்டை ரயில்" டிக்கெட் வாங்கி ஏமாறாதீர்கள்

நீஸ் போகத் திட்டம் வைத்திருப்பவர்கள், அதிலும் வயதான அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள், இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படித்துவிடுங்கள். பிரான்சின் தென்கரையில் இருக்கும் அந்த ஊரில் போன ஜூன் மாதம் ஒரு ஆள் எங்களிடம் 102 யூரோ வாங்கிக்கொண்டு காணாமல் போய்விட்டார். பணம் போனதைக்கூட விட்டுவிடலாம். முழங்கால் வலியோடு வந்த என் அம்மாவை ஒன்றரை மணி நேரம் உச்சி வெயிலில் காக்கவைத்துவிட்டார், அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

முதலில் இந்த ரயில் என்ன என்று சொல்லிவிடுகிறேன், தெரியாமல் போனதால்தான் பாதிக் குழப்பம். மத்தியதரைக் கடலோர ஊர்களில் பல இடங்களில் இது ஓடுகிறது. பிரெஞ்சில் "பெத்தி த்ரேன்" என்பார்கள், குட்டி ரயில். பேர்தான் ரயில், தண்டவாளம் கிடையாது. பழைய நீராவி இன்ஜின் மாதிரி முகம் வைத்த ஒரு வண்டி, பின்னால் இரண்டு மூன்று பெட்டிகள், எல்லாம் ரப்பர் டயரில் சாலையிலேயே ஓடும். மார்செய் பழைய துறைமுகத்திலிருந்து மலைமேல் இருக்கும் நோத்ர் தாம் தேவாலயத்துக்கு இப்படித்தான் போகிறார்கள். நடக்க முடியாதவர்களுக்கும் குழந்தைகளுக்கும் உண்மையிலேயே நல்ல ஏற்பாடு, அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. அம்மா படம் பார்த்துவிட்டு ஊட்டி ரயில் போல இருக்கிறது என்று ஆசைப்பட்டார், சரி என்று கிளம்பினோம். நான், மனைவி, அம்மா, எட்டு வயது மகள்.

காலை பதினொரு மணி இருக்கும். கடலை ஒட்டி ஏழு கிலோமீட்டர் போகும் ப்ரோமனாட் சாலையில் நடந்துகொண்டிருந்தோம். அங்கே வரிசையாக நீல நிற நாற்காலிகள் போட்டிருப்பார்கள், யார் வேண்டுமானாலும் உட்காரலாம், காசு கிடையாது. அம்மாவை அதில் ஒன்றில் உட்காரவைத்துவிட்டு ரயில் நிற்கும் இடம் எங்கே என்று போனில் தேடிக்கொண்டிருந்தபோதுதான் அந்த ஆள் வந்தார். நீலத் தொப்பி, கழுத்தில் அடையாள அட்டை, கையில் பிளாஸ்டிக் உறை போட்ட பெரிய பலகை, அதில் குட்டி ரயில் படமும் ஒரு கோட்டையின் படமும். ஆங்கிலம் நன்றாகப் பேசினார். அம்மாவின் காலைப் பார்த்ததும், "வயதானவரை வரிசையில் நிறுத்தாதீர்கள், கவுன்ட்டரில் மாலை வரைக்கும் இடம் இல்லை, என்னிடம் வாங்கினால் நேராக ஏறிவிடலாம்" என்றார். ரயில், கோட்டை நுழைவுச் சீட்டு, காதில் மாட்டிக் கேட்கும் விளக்கம், எல்லாம் சேர்த்துப் பெரியவர்களுக்கு 29 யூரோ, குழந்தைக்கு 15.

கவுன்ட்டர் எங்கள் கண்ணில் படும் தூரத்தில் இல்லை. போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. அடுத்த ரயிலில் இன்னும் நாலு இடம்தான் இருக்கிறது என்று அவர் அவசரப்படுத்தினார்.

கார்டு மெஷினை அவரே கையில் வைத்துக்கொண்டு நீட்டினார். திரையில் யூரோவிலா ரூபாயிலா என்று கேட்கும், நான் பார்ப்பதற்குள் அவர் விரல் ரூபாயை அழுத்திவிட்டது. 10,608 ரூபாய் போனது. அன்றைய வங்கி விகிதத்தோடு ஒப்பிட்டால் யூரோவுக்கு ஏழு ரூபாய் கூடுதல், அதாவது ஏமாற்றிய தொகைக்கு மேலே இன்னொரு எழுநூறு ரூபாய். வெளிநாட்டில் எந்த மெஷினிலும் இந்தக் கேள்வி வரும், அந்த ஊர்ப் பணத்தையே தேர்ந்தெடுங்கள், நம் வங்கி போடும் மாற்று விகிதம் பெரும்பாலும் இதைவிட நமக்கு லாபம். மெஷினை உங்கள் கையில் வாங்கி நீங்களே அழுத்துங்கள்.

நாலு அட்டைகளைக் கொடுத்து, ரயில் இங்கே நிற்காது, சாலையின் கிழக்கு முனையில் பெரிய எழுத்தில் "ஐ லவ் நீஸ்" என்று வைத்திருப்பார்கள், அங்கே வந்து ஏற்றிக்கொள்வார்கள் என்றார். ஒரு கிலோமீட்டருக்கு மேல் நடை. நாலு இடத்தில் உட்காரவைத்து அம்மாவை அழைத்துப்போய்ச் சேர்ந்தோம்.

அந்த முனைக்கு ரோபா கபேவு என்று பெயர். உள்ளூர் பேச்சு மொழியில் தொப்பி திருடும் இடம் என்று அர்த்தமாம், அவ்வளவு காற்று. நிழல் என்று ஒரு துண்டுகூட இல்லை. தரையில் ஒரு சூரியக் கடிகாரம் பதித்திருக்கிறார்கள், நடுவில் நாம் நின்றால் நம் நிழலே மணி காட்டும். மகள் அதில் நின்று நிழல் எந்த எண்ணில் விழுகிறது என்று பார்த்துப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த நிழல் நகர்ந்ததுதான் மிச்சம், எங்களுக்கான ரயில் வரவே இல்லை. இரண்டு முறை ஒரு குட்டி ரயில் கடந்து போனது. கையைக் காட்டினேன், ஓட்டுநர் எங்களைப் பார்த்துக் கையசைத்துவிட்டுப் போய்விட்டார். அவர் மேல் தப்பு இல்லை, அது நிறுத்தமே இல்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது.

பன்னிரண்டு மணிக்குத் திடீரென்று மலைமேலிருந்து பெரிய வெடிச்சத்தம். அம்மா பதறிப் பேத்தியைப் பிடித்து இழுத்துக்கொண்டார். பக்கத்தில் இருந்த ஒரு பெண்மணி சிரித்துக்கொண்டே பயப்படாதீர்கள் என்றார். தினமும் நண்பகலில் இப்படி வெடிப்பார்களாம், பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே வந்து தங்கிய ஒரு ஸ்காட்லாந்துக்காரர் தொடங்கிவைத்த வழக்கம், மனைவி மதியச் சாப்பாட்டுக்கு நேரத்தோடு வீட்டுக்கு வரவேண்டும் என்பதற்காக என்று ஊரில் கதை சொல்கிறார்கள். (நீங்கள் போனால் முன்கூட்டியே பெரியவர்களிடம் சொல்லிவையுங்கள், இதய நோய் உள்ளவர்கள் பக்கத்தில் இருந்தால் நிச்சயம் சொல்லுங்கள்.)

அட்டையில் இருந்த எண்ணுக்கு அழைத்தேன். அப்படி ஒரு எண்ணே இல்லை என்று பதிவுக் குரல் வந்தது. அப்போதுதான் வயிற்றைப் பிசைந்தது. குடும்பத்தை ஒரு குட்டிச் சுவர்மேல் உட்காரச் சொல்லிவிட்டு நான் மட்டும் திரும்ப ஓடி, ரயில் உண்மையில் நிற்கும் இடத்தைக் கண்டுபிடித்தேன். வரிசையில் ஏழெட்டுப் பேர்தான் இருந்தார்கள். விலைப்பட்டியல் எல்லோரும் பார்க்கும்படி எழுதியிருந்தது, நாங்கள் கொடுத்ததில் பாதிகூட இல்லை. அங்கே இருந்த பெண் என் அட்டையை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். "இது எங்களுடையது இல்லை. மன்னிக்கவும், இந்த வாரம் நீங்கள் முதல் ஆள் இல்லை" என்றார். அப்புறம் படத்தில் இருந்த கோட்டையைத் தொட்டுக் காட்டி, "அங்கே கோட்டையே கிடையாது ஐயா" என்றார்.

எனக்கு ஒரு நிமிடம் புரியவில்லை. அந்த மலைக்குப் பேரே கோட்டைக் குன்று, கொலின் து ஷாத்தோ. வரைபடத்திலும் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் மேலே இருந்த கோட்டையை 1706இல் பிரெஞ்சு அரசர் பதினான்காம் லூயி இடிக்கச் சொல்லிவிட்டார். நீஸ் அப்போது சவோய் அரச குடும்பத்தின் கையில் இருந்தது, பிரான்சோடு நிலையாகச் சேர்ந்ததே 1860இல்தான். பிடித்த கோட்டை திரும்ப எதிரிக்குப் பயன்படக் கூடாது என்று தரைமட்டமாக்கிவிட்டார்கள். இன்றைக்கு மேலே இருப்பது ஒரு பெரிய பூங்கா, ஒரு செயற்கை அருவி, பழைய தேவாலயத்தின் அடித்தளக் கற்கள், அவ்வளவுதான். முந்நூறு வருடமாக இல்லாத கோட்டைக்கு நான் நுழைவுச் சீட்டு வாங்கியிருக்கிறேன். பூங்காவுக்கு நுழைவுக் கட்டணம் எதுவும் இல்லை. அதைவிட நெஞ்சு கொதித்தது எது என்றால், மேலே போக லிஃப்ட் இருக்கிறது, அதுவும் இலவசம். அந்த லிஃப்ட் இருப்பது பெல்லாந்தா கோபுரத்துக்கு அடியில், நாங்கள் வெயிலில் காய்ந்த இடத்திலிருந்து சில நிமிட நடை. அம்மா தண்ணீர் பாட்டிலைத் தலையில் ஊற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்த சுவரிலிருந்து பார்த்தால் கோபுரம் தெரிகிறது.

திரும்பி வந்து சொன்னபோது அம்மா திட்டுவார் என்று நினைத்தேன். "போகட்டும் விடுடா, லிஃப்ட் இருக்குன்னு சொன்னியே, வா போகலாம்" என்றார். மேலே போனோம். ஒரு பக்கம் வளைந்து போகும் கடற்கரையும் சிவப்பு ஓட்டுக் கூரைகளும், மறுபக்கம் படகுகள் நிறைந்த துறைமுகம். அருவிக்குப் பக்கத்தில் சாரல் அடிக்கும் இடத்தில் அம்மா ரொம்ப நேரம் நின்றார். இதைப் பார்க்க ஒரு ரூபாய் செலவில்லை.

மாலையில் ரோந்து வந்த போலீஸ்காரர்களிடம் சொன்னோம். பொறுமையாகக் கேட்டார்கள், புகார் எழுதிக் கொடுக்க எந்த நிலையத்துக்குப் போகவேண்டும் என்று சீட்டில் எழுதித் தந்தார்கள். மறுநாள் காலை போய்க் கொடுத்தேன், மொழிபெயர்த்து எழுத இரண்டு மணி நேரம் ஆனது. பணம் கிடைக்குமா கிடைக்காதா என்பது வேறு, அந்தப் புகார் நகல் இல்லாமல் வங்கியில் பேசவே முடியாது, அதனால் அலுப்புப் பார்க்காமல் எழுதிக் கொடுங்கள். பிரான்ஸ் அரசின் நுகர்வோர் துறை நடத்தும் சிக்னல் கான்சோ என்ற தளத்திலும் பதியலாம், பதிந்தேன்.

அன்று மதியம் அம்மாவின் ஆசைக்காக உண்மையான ரயிலிலும் போனோம். டிக்கெட்டை ரயில் நிற்கும் இடத்திலேயே வாங்கினோம், கையோடு ரசீது, அடுத்த வண்டியிலேயே இடம். பழைய ஊரின் சந்துகளில் சுவரை உரசுகிற மாதிரிப் புகுந்து போகும்போது மகள் கையை உள்ளே இழுத்துக்கொண்டு கத்தினாள். இறங்கியபின் குர் சலேயா சந்தையில் சோக்கா சாப்பிட்டோம், கொண்டைக்கடலை மாவைக் கரைத்து ஆலிவ் எண்ணெய் விட்டு அகலமான தட்டில் அடுப்புக்குள் வைத்துச் சுடுவது. மிளகுத்தூள் தூவித் தந்தார்கள், கைபொறுக்காத சூடு. அம்மாவுக்குப் பிடித்த ஒரே வெளிநாட்டுச் சாப்பாடு அதுதான்.

இது நீஸுக்கு மட்டும் உள்ள பிரச்சினை என்று நினைக்காதீர்கள். கவுன்ட்டருக்கும் உங்களுக்கும் நடுவில் ஒரு ஆள் வந்து நின்றால் அது எந்த ஊராக இருந்தாலும் கவுன்ட்டருக்கே போய்விடுங்கள். வரிசை நீளம் என்று அவர் சொன்னால் போய் உங்கள் கண்ணால் பாருங்கள். ஏறும் இடம் வேறு எங்கோ என்றால் பணம் கொடுக்காதீர்கள். சந்தேகமாக இருந்தால் நீஸில் சுற்றுலா அலுவலகம் அதே ப்ரோமனாட் சாலையில்தான் இருக்கிறது, நடந்து போய்க் கேட்டுவிடலாம், ஆங்கிலத்தில் பதில் சொல்கிறார்கள். அப்புறம், பெரியவர்களிடம் தனியாகவும் சொல்லிவையுங்கள். அந்த ஆள் என்னைத் தேடி வரவில்லை. காலைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்த அம்மாவைப் பார்த்துத்தான் வந்தார்.

வங்கியில் எதிர்ப்பு மனு போட்டு ஏழு வாரம் ஆகிறது. கார்டு ஸ்டேட்மென்ட்டில் வந்த பெயர் ரயிலுக்கோ சுற்றுலாவுக்கோ சம்பந்தமே இல்லாத ஏதோ ஒரு கடைப் பெயர். அட்டையின் இரண்டு பக்கப் படம், போலீஸ் புகார் நகல், ரயில் கவுன்ட்டரில் வாங்கிய உண்மையான ரசீது மூன்றையும் அனுப்பியிருக்கிறேன். தற்காலிகமாகப் பணத்தைக் கணக்கில் வரவு வைத்திருக்கிறார்கள், விசாரணை முடிந்தால்தான் உறுதி என்கிறார்கள். முடிவு தெரிந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.

அந்த அட்டை எப்படி இருக்கும் என்று சொல்லிவிடுகிறேன்: உள்ளங்கை அளவு, மஞ்சள் ஓரம், இடது பக்கம் குட்டி ரயில், வலது பக்கம் நாலு வட்டக் கோபுரம் வைத்த ஒரு கோட்டை, கீழே ஒரு கியூஆர் கட்டம். அந்தக் கட்டத்தை ஸ்கேன் செய்தால் எதுவும் திறக்காது.