வழிப்பலகையை நம்பி 11 நாள்: நியூசிலாந்தின் சவுத்லாந்தில் கைடு இல்லாமல் ட்ரவுட் மீன் தேடி

கார்ஸ்டன் ஊரைத் தாண்டிச் சிறிது தூரத்தில், சாலையோர வேலியில் ஒரு சின்னப் பலகை. மீன்பிடிக்க வருபவர்கள் இந்த வழியாக ஆற்றுக்குப் போகலாம், கதவு எப்படி இருந்ததோ அப்படியே விட்டுச் செல்லுங்கள் என்று எழுதியிருந்தது. தம்பி காரை ஓரம் கட்டினான். "அக்கா, நிஜமாவே உள்ளே போகலாமா? யாரோ வீட்டு ஆடு மேயுதே" என்று தயங்கினான். எனக்கும் தயக்கம்தான். ஆனாலும் கதவைத் திறந்து, உள்ளே போய், திரும்பச் சாத்திவிட்டு, மேய்ச்சல் நிலத்தின் ஓரமாகவே நடந்தோம். பத்து நிமிடத்தில் மட்டாரா ஆறு கண்ணுக்குத் தெரிந்தது. அடியில் கிடக்கும் கூழாங்கற்களை எண்ணிவிடலாம், அத்தனை தெளிவு.

இந்த விமர்சனம் அந்தப் பலகைகளைப் பற்றியது. அவற்றை நிறுவிப் பராமரிக்கும் ஃபிஷ் அண்ட் கேம் நியூசிலாந்து அமைப்பின் சேவையை, கைடு வைத்துக்கொள்ளாமல் போன இரண்டு பேர் 11 நாள் முழுக்க நம்பிப் பார்த்த அனுபவம் இது.

நான் இருக்கும் ஊரில் ஜனவரியில் ஆறு உறைந்து கிடக்கும். அங்கே அப்போது நடுக்கோடை. பெரும்பாலான ஆறுகளில் அக்டோபர் 1 முதல் ஏப்ரல் 30 வரை மீன்பிடிக் காலம். எங்கள் குளிர்காலத்தில் ஃப்ளை ஃபிஷிங் (பூச்சி போலக் கட்டிய ‘ஃப்ளை’ தூண்டிலை வீசி மீன்பிடிப்பது) போக இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. முதலில் கைடு வைத்துக்கொள்ளத்தான் நினைத்தோம். ஆனால் எங்களிடம் சொன்ன ஒரு நாள் கட்டணம் எங்கள் மூன்று நாள் தங்கும் செலவைத் தாண்டியது. அதோடு, ஆற்றைப் படிக்க நாமே கற்றுக்கொள்ள வேண்டும் என்ற ஆசை எனக்கு நெடுநாளாக உண்டு. கைடு பக்கத்தில் நின்று "பத்து மணித் திசையில் போடுங்கள்" என்று சொல்லிக்கொண்டிருந்தால் அந்த ஆசை தீராது.

உரிமத்திலிருந்து தொடங்குகிறேன். வீட்டிலிருந்தே இணையத்தில் வாங்கினோம், மின்னஞ்சலில் வந்துவிட்டது. நாடு 12 ஃபிஷ் அண்ட் கேம் வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒரே உரிமம் 12 வட்டாரங்களிலும் செல்லும். வடதீவின் டாவ்போ ஏரிப் பகுதி மட்டும் இயற்கைப் பாதுகாப்புத் துறையின் கையில் இருப்பதால் அதற்குத் தனி உரிமம் வேண்டும். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கூட்டம் தாங்காத சில ஆறுகளைத் தனியாகப் பட்டியலிட்டு, அவற்றுக்கு வெளிநாட்டவர் கூடுதலாக நாள் உரிமம் எடுக்க வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். பட்டியலைப் பயணத்துக்கு முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். நாங்கள் அந்த ஆறுகளைத் தொடவில்லை. முதல்முறை போகிறவர்களுக்கு மற்ற ஆறுகளே ஏராளம்.

1990-ல் ஃபிஷ் அண்ட் கேம் அமைப்பு வந்தபோதிலிருந்து அரசின் வரிப்பணத்தை நம்பி நடக்கவில்லை. மீன்பிடிப்பவர்களும் வேட்டைக்காரர்களும் கட்டும் உரிமக் கட்டணத்தில்தான் ஓடுகிறது. வேலியில் பார்த்த அந்தப் பலகையும் அந்தப் பணத்தில் வந்ததுதான். அதை அறிந்தபின் கட்டணம் கொடுத்தது எனக்கு உறுத்தவே இல்லை. ஆறாம் நாள் ஒரு ரேஞ்சர் வந்து உரிமத்தைக் கேட்டார். பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுத்துக் காட்டினேன். பார்த்துவிட்டு, இதற்கு முன் எந்த ஆற்றில் இருந்தீர்கள், பூட்ஸைக் கழுவினீர்களா என்று கேட்டார். கழுவினோம் என்றதும் வாழ்த்துச் சொல்லிவிட்டு அடுத்த வளைவுக்கு நடந்தார்.

பூட்ஸ் பற்றி அவர் கேட்டதற்குக் காரணம் இருக்கிறது. 2004-ல் இதே சவுத்லாந்தின் வையாவ் ஆற்றின் கீழ்ப்பகுதியில் டிடிமோ என்ற பாசி கண்டுபிடிக்கப்பட்டது. கற்களை மூடிப் பழுப்புக் கம்பளி போலப் படரும். ஒரு சொட்டு ஈரத்தில் ஒட்டிக்கொண்டு அடுத்த ஆற்றுக்குப் போய்விடும். அதனால் ஃபெல்ட் (ஈரத்தை உறிஞ்சும் கம்பளித்துணி) அடி வைத்த பூட்ஸுக்கு அங்கே தடை. ரப்பர் அடிதான் போட வேண்டும். ஒரு ஆற்றிலிருந்து இன்னொரு ஆற்றுக்குப் போகும்முன் லிட்டருக்கு 50 மில்லி பாத்திரம் கழுவும் திரவம் கலந்த தண்ணீரில் ஊறவைத்துக் கழுவ வேண்டும். அல்லது நன்றாகக் காயவிட்டு, காய்ந்தபின் இன்னும் 48 மணி நேரம் வைத்திருக்க வேண்டும். விமான நிலையத்திலும் பழைய மீன்பிடிச் சாமான்களை முன்கூட்டியே அறிவித்துவிடுங்கள். நாங்கள் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தோம். அதிகாரி பூட்ஸையும், ஆற்றில் இறங்கப் போடும் ‘வேடர்’ என்ற நீர்புகாத கால்சட்டையையும் எடுத்துப் பார்த்து, மடிப்புகளில் விரல்விட்டுத் தடவி, திருப்பிக் கொடுத்துவிட்டார். ஊரிலேயே பழைய பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவிக் காயவைத்திருந்ததால் இருபது நிமிடத்தில் வெளியே வந்தோம்.

இனி பலகைகள். ஃபிஷ் அண்ட் கேம் ஒவ்வொரு ஆற்றுக்கும் தனித்தனியாகப் பிரித்து, எங்கே இறங்கலாம், எந்தப் பாலத்தருகே காரை விடலாம் என்று வழித்தகவல் வெளியிடுகிறது. இதை நான் இரண்டு மாதம் முன்பே எடுத்து, 1:50,000 அளவிலான டோப்போ50 வரைபடத்தோடு வைத்துப் பார்த்தேன். மட்டாராவில் கார்ஸ்டனிலிருந்து கீழே கோர் ஊர் வரை 14 இடங்கள், ஓரெட்டி ஆற்றில் 11 இடங்கள் பென்சிலால் குறித்தேன். பயன்பட்டவை ஒன்பதுதான். மிச்சம் 16 வீணா என்றால் இல்லை. ஒரு இடத்துக்குப் போனால் அங்கே ஏற்கெனவே ஒரு கார் நிற்கும். கார் நின்றால் அந்தப் பகுதி அவருடையது என்பது அங்கே எழுதாத சட்டம். அவரைத் தாண்டிப்போய் மேலே இறங்குவது பெரிய மரியாதைக் குறைவு. எல்லோரும் ஆற்றுக்கு எதிர்த்திசையில், கீழிருந்து மேலாகத்தான் மீன்பிடித்துக்கொண்டு போகிறார்கள். நீங்கள் முன்னால் இறங்கினால் அவர் போகப்போகும் தண்ணீர் கலங்கிவிடும். அப்போது பென்சிலில் குறித்த அடுத்த இடம் கைகொடுக்கும்.

நிறையப் பேர் ஒரு விஷயத்தைத் தவறாக நினைக்கிறார்கள். அங்கே எல்லா ஆற்றங்கரையும் பொதுச்சொத்து, யாரும் எங்கும் நடக்கலாம் என்று நானும் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. பல இடங்களில் கரையோரம் 20 மீட்டர் பொதுநிலம் உண்டு, பல இடங்களில் கிடையாது. கரை பொதுவாகவே இருந்தாலும் அதுவரை போகும் வயல் ஒருவருக்குச் சொந்தமாக இருக்கும். பலகை இருந்தால் வழி உறுதி. பலகை இல்லையென்றால் பண்ணை வீட்டுக் கதவைத் தட்டிக் கேட்க வேண்டும். ஹெரெங்கா ஆ நுக்கு என்ற பொதுவழி ஆணையத்தின் வரைபடமும் உதவும். தரையில் போடப்படாமல் சட்டத்தில் மட்டும் உள்ள சாலைகளையும் அது காட்டுகிறது.

நாங்கள் மூன்று முறை கதவைத் தட்டினோம். ஒருவர் கன்றுகள் இருக்கின்றன, இன்று வேண்டாம் என்றார். இருவர் உடனே சரி என்றார்கள். மூன்றாவது வீட்டில் எழுபது வயதிருக்கும் ஓர் அம்மா. அவரால்தான் எங்கள் பயணமே நிமிர்ந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

அதற்குமுன் ஒரு மனவருத்தம். வாடகைக் கார் கொடுத்த நிறுவனத்தின் பெயர் வேண்டாம். பதிவு செய்யும்போது எல்லாச் சாலைக்கும் காப்பீடு உண்டு என்றே புரிந்துகொண்டோம். சாவி வாங்கும் இடத்தில்தான், தார் போடாத சாலையில் கண்ணாடிக்கோ டயருக்கோ எது நடந்தாலும் எங்கள் செலவு என்று ஒரு தாளை நீட்டினார்கள். நான் குறித்த இடங்களில் பாதிக்கு மேல் சரளைச் சாலையில் இருந்தன. கூடுதல் பணம் கட்டித்தான் வண்டியை எடுத்தோம். கைடு இல்லாமல் போகிறவர்கள் இந்த ஒரு வரியை ஒப்பந்தத்தில் தேடிப் படித்துவிட்டுப் பதிவு செய்யுங்கள்.

சரி, மீன் கிடைத்ததா? முதல் நாள் ஒன்றுமில்லை. இரண்டாம் நாள் ஒன்பது மீனைப் பார்த்தோம், எட்டு எங்களைப் பார்த்துவிட்டு ஓடின. பலகையால் உங்களைக் கரைவரை கூட்டிப்போக முடியும், மீனை விரல்நீட்டிக் காட்ட முடியாது. 1867-ல் தாஸ்மேனியாவிலிருந்து கொண்டுவந்து விட்ட பழுப்பு ட்ரவுட்டின் வாரிசுகள் இவை. இந்தத் தெளிந்த நீரில் தலைமுறை தலைமுறையாக நிழலுக்குப் பயந்து வாழ்ந்தவை. கைடு இருந்தால் அவர் கண் உங்களுக்காக வேலை செய்யும். இல்லையென்றால் உங்கள் கண்ணைப் பழக்க நாள் பிடிக்கும். அதற்கான நாட்களைத் திட்டத்திலேயே ஒதுக்க வேண்டும் என்பதுதான் நான் எல்லோரிடமும் வற்புறுத்தும் விஷயம். ஐந்து நாள் பயணம் என்றால் கைடு இல்லாமல் போகாதீர்கள். பத்து நாளுக்கு மேல் இருந்தால் தாராளமாகப் போகலாம். அதிலும் இரண்டு ஆறுகளுக்கு மேல் வைக்காதீர்கள்.

எங்கள் கண் மூன்றாம் நாள் மதியம் திறந்தது. சூரியனை முதுகுப்பக்கம் வைத்து, நீர்ப்பரப்பின் கூச்சத்தை மறைக்கும் போலராய்டு கண்ணாடி போட்டு, ஐந்தடி நடந்து ஒரு நிமிடம் நிற்பது என்று வைத்துக்கொண்டோம். மீனின் முழு உருவத்தைத் தேடுவதை விட்டோம். கல் அசையாது, அசையும் கல் மீன். வெள்ளையாக ஒரு கீற்று மின்னி மறைந்தால் அது வாயைத் திறந்திருக்கிறது. பளிச்சென்ற நிறத்தில் இருந்த என் லைனை மாற்றி மங்கிய பச்சை லைன் போட்டேன், லைனுக்கும் ஃப்ளைக்கும் நடுவே கட்டும் மெல்லிய நரம்பான லீடரைப் பன்னிரண்டு அடிக்கு நீட்டினேன். வடமேற்குக் காற்று அடித்த நாளில் அந்த நீளம் என் முகத்திலேயே வந்து விழுந்தது. அன்று மட்டும் ஒன்பதடியாகக் குறைத்தேன்.

நான்காம் நாள் முதல் மீன். நீருக்குள் மூழ்கும் ‘நிம்ஃப்’ வகைச் சிறிய ஃப்ளை, பாறைக்குப் பின்னால் முழங்கால் ஆழத்தில். ஒன்றரைக் கிலோவுக்குச் சற்றுக் கூடுதல். தம்பி வலையில் ஏந்தியபோது என் கை நடுங்கியது.

மழைக்குப் பிறகு எந்த ஆறு எப்போது தெளியும் என்பதற்குச் சவுத்லாந்து வட்டார மன்றம் இணையத்தில் தரும் நீர்மட்ட அளவு பெரிய உதவி. ஏழாம் நாள் கோர் பக்கம் தண்ணீர் தேநீர் நிறத்தில் ஓடியது. மேற்பகுதிதான் முதலில் தெளியும் என்பதால் கார்ஸ்டனுக்குத் திரும்பினோம், அங்கே ஓரளவு தெளிந்திருந்தது. வெயில் ஏறிய நாட்களில் வெப்பமானியையும் தண்ணீரில் விட்டுப் பாருங்கள். 19, 20 டிகிரி தொட்டால் மீனுக்கு மூச்சுத் திணறும், பிடித்து விட்டாலும் பிழைப்பது கடினம். நாங்கள் இரண்டு மதியம் அப்படி நிறுத்திக்கொண்டோம். அப்புறம், கைப்பேசிக்குச் சிக்னல் இல்லாத பள்ளத்தாக்குகளுக்குப் போவதென்றால் நீங்கள் இருக்கும் இடத்தை மீட்புக்குழுவுக்குத் தெரிவிக்கும் அவசரகால பீக்கன் கருவியை வாடகைக்கு எடுங்கள். ஈக்கும் மருந்து எடுங்கள். அங்கே சாண்ட்ஃப்ளை என்ற கடிக்கும் சிற்றீ மணிக்கட்டைத்தான் தேடி வரும்.

இப்போது அந்த அம்மா. எட்டாம் நாள் மாலை அவர் வீட்டில் அனுமதி கேட்டோம். தாராளமாகப் போங்கள் என்றவர், என் தொப்பியில் குத்தியிருந்த ஃப்ளைகளைப் பார்த்துவிட்டு, "இதையா போடப் போகிறீர்கள்? வில்லோ மரத்தடியில் நின்று பாருங்கள், இலையிலிருந்து என்ன விழுகிறதென்று" என்றார். போய் நின்றோம். கிளைக்குக் கீழே மீன்கள் வரிசையாக வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. தண்ணீரில் எதுவும் தெரியவில்லை. உள்ளங்கையை நீட்டினேன். அரிசியைவிடச் சிறிய மஞ்சள் புழு ஒன்று விழுந்தது. வில்லோ இலையின் கொப்புளத்துக்குள் வளரும் புழு, கோடையில் இப்படி உதிர்கிறது. எந்தப் பலகையிலும் அது எழுதியிருக்கவில்லை. அந்த அளவுக்குச் சிறிய ஃப்ளை எங்களிடம் ஒன்றுகூட இல்லை. மறுநாள் கோரில் ஒரு கடையில் நான்கு மஞ்சள் ஃப்ளை வாங்கினோம். பத்தாம் நாள் அதே மரத்தடியில் தம்பிக்கு இரண்டு, எனக்கு ஒன்று. மூன்றையும் விட்டுவிட்டோம். அந்த நாட்டில் ட்ரவுட்டை விற்பதும் வாங்குவதும் சட்டப்படி குற்றம் என்பது எனக்கு மிகவும் பிடித்த விதி.

கடைசி நாள் மாலை ஒன்பதரைக்கும் வெளிச்சம் இருந்தது. திரும்பும் வழியில் அந்த அம்மாவின் வாசலில் நின்று நன்றி சொன்னோம். எந்த மரத்தடி என்று கேட்டார், சொன்னோம். "அதற்கு அடுத்த மரத்தடியில்தான் பெரியது இருக்கிறது" என்றார். தங்கிய இடத்தின் பின்பக்கக் குழாயடியில் தம்பி வாளியில் சோப்புத் தண்ணீர் கலக்க, நான் பூட்ஸைக் கவிழ்த்துப் பிடித்தேன். "அக்கா, அடுத்த வருஷம் எத்தனை நாள் லீவு கேட்கணும்?" என்றான். பதினைந்து என்றேன்.