வி-ஒன், வி-டூ, வி-த்ரீ: அட்டவணையா, ஒலிக்கூட்டமா?

ஆங்கில கிராமர் புத்தகங்களின் கடைசிப் பக்கங்களில் பெரும்பாலும் அந்த நீள அட்டவணை இருக்கும். ஒழுங்கற்ற வினைச்சொற்கள், அதாவது இறந்தகாலத்துக்கு 'எட்' சேர்க்காதவை, அகரவரிசையில், மூன்று பத்தியாக: வி-ஒன் மூல வடிவம், வி-டூ இறந்தகாலம், வி-த்ரீ 'ஹேவ்' போன்ற துணைவினையோடு வரும் வடிவம். அதை அப்படியே மனப்பாடம் செய்வது ஒரு வழி. ஒரே மாதிரி ஒலி மாறும் சொற்களைக் கூட்டமாகச் சேர்த்துப் படிப்பது இன்னொரு வழி. எது நல்லது என்றால், தயங்காமல் இரண்டாவதைத்தான் சொல்வேன்.

அட்டவணையில் பிகின், பைட், ப்ளோ, ப்ரேக், ப்ரிங் எல்லாம் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். இறந்தகாலத்திலோ பிகேன், பிட், ப்ளூ, ப்ரோக், ப்ராட் என்று ஆளுக்கொரு திசையில் போய்விடும். ஒன்றைப் படித்தது அடுத்ததற்கு உதவாது. அதே பிகினை எங்கெங்கோ கிடக்கும் உறவுக்காரர்களோடு சேர்த்து வாய்விட்டுச் சொல்லுங்கள்: பிகின்–பிகேன்–பிகன், சிங்–சாங்–சங், ரிங்–ராங்–ரங், ட்ரிங்க்–ட்ராங்க்–ட்ரங்க். நாலாவதுக்கு வரும்போது நாக்கே முந்திக்கொள்ளும்.

எனக்கு மிகப் பிடித்தது நெடில் குறிலாகும் கூட்டம். கீப்–கெப்ட், ஸ்லீப்–ஸ்லெப்ட், மீட்–மெட், ஃபீட்–ஃபெட். ரீட் என்ற சொல்லும் இங்கேதான் சேரும், இறந்தகாலத்தில் ரெட். எழுத்து மாறாததால், அட்டவணையில் பார்ப்பவருக்கு அது கட், புட், ஹிட் போல மாறாத சொல்லாகவே தெரியும். நேற்று படித்ததைச் சொல்லும்போதும் அவர் அதை ரீட் என்றே உச்சரிப்பார். காதால் படித்தவருக்கு அந்தக் குழப்பமே வராது.

கட், புட் வகையில் ஒன்று மட்டும் கவனித்தால் போதும். "ஷீ கட்ஸ்" நிகழ்காலம். அந்த எஸ் இல்லாமல் "ஷீ கட்" என்று வந்தால் இறந்தகாலம்.

ஒலிக்கூட்டத்திலும் பொறி உண்டு. சிங்–சாங் பழகிய வாய் ப்ரிங்கை ப்ராங் ஆக்கிவிடும். நம் மொழியிலும் நில்–நின்றான், வெல்–வென்றான், கொல்–கொன்றான் என்று போகிற கூட்டத்தில் சொல் மட்டும் சொன்னான் ஆகிறதே! அதனால் ப்ரிங்கை முதலிலிருந்தே பை–பாட், திங்க்–தாட், கேட்ச்–காட் கூட்டத்தில் வைத்துப் பழகுங்கள்.

கோ–வென்ட், பி–வாஸ் மாதிரி சில எந்தக் கூட்டத்திலும் அடங்காது. வென்ட் (went) என்பதே முன்பு வெண்ட் (wend) என்ற வேறொரு வினையின் இறந்தகாலம். ஆனால் இவை அன்றாடம் புழங்குவதால் வாக்கியத்திலேயே படிந்துவிடும். ஆங்கிலத்தில் அதிகம் புழங்கும் பத்து வினைகளும் ஒழுங்கற்றவையே. 2007-இல் நேச்சர் அறிவியல் இதழில் வந்த ஆய்வு பழைய ஆங்கிலத்தின் 177 ஒழுங்கற்ற வினைகளைப் பின்தொடர்ந்தது. இன்றும் அப்படியே இருப்பவை 98. அதிகம் புழங்கியவை நிலைத்தன, அரிதானவை 'எட்' சேர்த்துக்கொண்டு மற்றவற்றோடு கலந்துவிட்டன. ஹெல்ப்புக்கு ஒருகாலத்தில் ஹோல்ப் என்ற இறந்தகால வடிவம் இருந்தது.

அட்டவணையைத் தூக்கிப்போட வேண்டாம். ஃபோர்சேக்–ஃபோர்சூக் மாதிரி எப்போதோ எதிர்ப்படும் சொல்லைப் புரட்டிப் பார்க்க அதைவிட வசதி வேறில்லை.