டெலவேர் ஆற்றின் எந்தக் கரைக்குப் போவது?

அமெரிக்க விடுதலைப் போரின்போது, 1776 டிசம்பர் 25 இரவு, ஜார்ஜ் வாஷிங்டன் சுமார் 2,400 வீரர்களோடு டெலவேர் ஆற்றைக் கடந்த இடத்தில் இன்று இரண்டு பூங்காக்கள் எதிரெதிரே இருக்கின்றன. மேற்குக் கரையில் பென்சில்வேனியாவின் வாஷிங்டன் கிராசிங் வரலாற்றுப் பூங்கா, கிழக்குக் கரையில் நியூஜெர்சியின் வாஷிங்டன் கிராசிங் மாநிலப் பூங்கா. பெயர் ஏறக்குறைய ஒன்றேதான். ஆனால் ஒன்று படை புறப்பட்ட கரை, மற்றது போய் இறங்கிய கரை.

கூட்டம் அதிகம் கூடுவது புறப்பட்ட கரையில். அதற்குக் காரணம் உண்டு. அங்கே கொட்டகையில் நிற்கும் டர்ஹாம் படகுகளின் மாதிரிகளை அருகில் போய்ப் பாருங்கள். இரும்பு ஏற்றிச் செல்லக் கட்டப்பட்ட வகை இது. நாற்பது அடிக்கும் மேல் நீளம், தட்டையான அடிப்பகுதி. பனிக்கட்டிகள் மிதந்துவந்த ஆற்றில், ஆலங்கட்டி மழையில், இந்தப் படகுகளைச் செலுத்தியவர்கள் மார்பிள்ஹெட் ஊர் மீனவர்களும் மாலுமிகளும். ஒவ்வொரு கிறிஸ்துமஸ் அன்றும் இதை நடித்துக் காட்டுகிறார்கள். ஆற்றில் வெள்ளமோ பலத்த காற்றோ இருந்தால் படகு இறங்காது, பாலத்தின் வழியாக நடந்துபோவார்கள். அந்த நாளுக்காகவே போகிறவர்களுக்குப் பென்சில்வேனியா கரையே சரி.

ஆனால் 1917இல் தொடங்கிய இந்தப் பூங்கா 500 ஏக்கர்தான், அதுவும் இரண்டு துண்டாகக் கிடக்கிறது. 125 அடி உயர போமன் குன்றுக் கோபுரமும், அந்தக் குளிர்காலத்தில் இறந்த வீரர்களின் கல்லறைகளும் வடக்கே சில மைல் தள்ளி இருக்கின்றன. கார் இல்லாமல் முடியாது. கல்லறைகளைத் தவறவிடாதீர்கள். அவர்களில் பெயர் தெரிந்தவர் ஜேம்ஸ் மூர் என்ற பீரங்கிப் படை அதிகாரி ஒருவரே.

எனக்கு நியூஜெர்சி கரைதான் பிடிக்கிறது. எதிர்க்கரையில் நிற்கும் மெக்கான்கி விடுதியின் பெரும்பகுதி போருக்குப் பிறகு கட்டப்பட்டது. இந்தக் கரையின் ஜான்சன் துறை வீடோ 1740ஆம் ஆண்டைச் சேர்ந்தது, அந்த இரவில் அங்கேயே நின்றது. அதைத் தாண்டி மேலே ஏறினால், படை நடந்த பாதையாகப் போற்றப்படும் கான்டினென்டல் லேன், மரங்களுக்கு நடுவே இன்றும் நடக்கக் கிடைக்கிறது.

நள்ளிரவுக்குள் முடிய வேண்டிய கடப்பு அன்று விடியற்காலை மூன்று மணிவரை இழுத்தது. கடைசியாக வந்தவை பதினெட்டு பீரங்கிகளும் குதிரைகளும். வேறு இடங்களில் கடக்க வேண்டிய இரண்டு படைப்பிரிவுகள் வந்து சேரவே இல்லை. எதிரிப் படை தங்கியிருந்த டிரென்டன் நகரை இருட்டிலேயே தாக்கும் திட்டம் போய்விட்டது. திரும்பிப் போக நேரமும் இல்லை. நனைந்த உடையோடு ஒன்பது மைல் நடந்துபோய், காலையில், பிரிட்டிஷாருக்காகப் போரிட்ட ஜெர்மானியக் கூலிப்படையில் சுமார் 900 பேரைச் சிறைபிடித்தார்கள். ஆற்றைக் கடந்ததோடு கதை முடிந்ததாக நினைப்பவர்கள் இந்தப் பாதையில் ஒரு கால்மணி நேரம் நடந்து பார்க்க வேண்டும்.

குழந்தைகளோடு ஒரு நாள் முழுக்கக் கழிக்கவும் இந்தக் கரைதான் வசதி. 1912இல் தொடங்கிய பூங்கா 3,500 ஏக்கருக்கு மேல் விரிந்திருக்கிறது. காட்டுப் பாதைகள், திறந்தவெளி அரங்கம், வானியல் ஆர்வலர்கள் நடத்தும் தொலைநோக்கி நிலையம் எல்லாம் உண்டு. கரையோரக் கால்வாயை ஒட்டி மிதிவண்டியிலும் போகலாம்.

அரைநாள்தான் இருக்கிறதென்றால் காரை நியூஜெர்சி பக்கம் நிறுத்துங்கள். 1904இல் கட்டிய இரும்புப் பாலத்தில் கார்கள் எதிரெதிரே ஒதுங்கி நகரும் அளவுக்கே அகலம். ஆனால் நடப்பவர்களுக்குத் தனிப் பாதை உண்டு. அதில் நடந்துபோய்ப் படகுகளைப் பார்த்துவிட்டு, வாஷிங்டனின் படை போன திசையிலேயே திரும்பி வாருங்கள்.