ஐந்து ரோட்டில் ஒரு பிரான்ஸ் கன்சல்டன்சி: மகளை அனுப்பிய அப்பாவின் கணக்கு

கன்சல்டன்சி பேர் போடலைங்க. சேலத்துல ஐந்து ரோடு, ஃபேர்லேண்ட்ஸ், சாரதா காலேஜ் ரோடு முழுக்க இப்ப வெளிநாட்டுப் படிப்புக்கு அனுப்புற ஆபீஸ்தான். நான் சொல்லப்போற நிறையும் குறையும் அதுல பாதிப் பேருக்குப் பொருந்தும். எனக்கு செவ்வாய்பேட்டையில கொலுசுப் பட்டறை. மக 2023 செப்டம்பர்ல பிரான்ஸ்ல கிரெனோபிள் போனா. நானோ சயின்ஸ்ல மாஸ்டர்ஸ், ரெண்டு வருஷம், பாடம் இங்கிலீஷ்ல. இப்ப படிப்பு முடிஞ்சிருக்கு. விசா கைக்கு வந்த சந்தோஷத்துல அஞ்சு ஸ்டார் குடுத்துட்டுப் போறவங்க நிறைய. அப்ப பொருளையே இன்னும் பார்க்கலை, எதுக்கு மார்க் போடுறாங்கன்னு எனக்குப் புரியலை.

ஆபீஸ் ரெண்டாவது மாடி. ஏசி ஜில்லுனு இருக்கும், சுவர் பூரா ஈஃபில் டவர். கவுன்சிலர் பொண்ணு மரியாதையாத்தான் பேசுச்சு. "அங்கிள், பாரிஸ்ல டாப் காலேஜ், இந்த வாரமே ஆஃபர் லெட்டர் வாங்கித் தர்றேன்"னு ஒரு லிஸ்ட்டை எடுத்து நீட்டுச்சு. எல்லாம் தனியார் பிசினஸ் ஸ்கூல். வருஷத்துக்கு 12,000 யூரோ, 14,000 யூரோ. மக கேட்டா, "அக்கா, நான் ஃபிசிக்ஸ் முடிச்சிருக்கேன், எனக்கு எதுக்கு மேனேஜ்மென்ட்?" அதுக்கு, "மேனேஜ்மென்ட் பண்ணா வேலை ஈஸிம்மா"ன்னு பதில்.

உங்க சர்வீஸ் சார்ஜ் எவ்வளவுன்னு கேட்டேன். "இந்த காலேஜுக்கெல்லாம் ஃப்ரீ அங்கிள்." அரசாங்க யுனிவர்சிட்டின்னா? "அதுக்கு 75,000 ஆகும், ப்ராசஸ் கஷ்டம்."

முப்பது வருஷமா வெள்ளியோட குடித்தனம் பண்றவனுக்கு இது போதும். ஒருத்தன் செய்கூலி வேண்டாம்னு கொலுசு குடுத்தா, அவன் வெள்ளியில கை வச்சிருக்கான்னு அர்த்தம். தனியார் காலேஜ் சேர்க்கைக்கு அந்தக் காலேஜே இவங்களுக்குக் கமிஷன் குடுக்குது. அரசாங்க யுனிவர்சிட்டி குடுக்காது. "ஃப்ரீ"ங்கிறது நம்ம ஃபீஸுக்குள்ளயே அடங்கியிருக்கு, அவ்வளவுதான்.

அரசாங்க யுனிவர்சிட்டி கணக்கைச் சொல்றேன். 2019ல இருந்து ஐரோப்பாவுக்கு வெளிய இருந்து வர்றவங்களுக்கு பிரான்ஸ்ல தனிக் கட்டணம். மக சேர்ந்தப்ப மாஸ்டர்ஸுக்கு வருஷம் 3,770 யூரோ. உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு அதே படிப்பு 243 யூரோதான். கேட்டா வயிறு எரியும், ஆனா அந்த 3,770மே உண்மையான செலவுல மூணுல ஒரு பங்குதான், மீதியை அந்த அரசாங்கமே போடுது. சில யுனிவர்சிட்டிகள் இந்தக் கூடுதலைத் தள்ளுபடியும் பண்ணும், அப்ளை பண்ணும்போதே விசாரிக்கணும். இது போக எல்லா மாணவர்களும் கட்டுற ஒரு கேம்பஸ் வரி உண்டு, அந்த வருஷம் 100 யூரோ. யூரோ அப்ப 90 ரூபாய் பக்கம். மூணரை லட்சம் எங்க, பன்னெண்டு லட்சம் எங்க?

அரசாங்க யுனிவர்சிட்டிக்குன்னு கேட்ட அந்த 75,000ஐ பேரம் பேசி 40,000க்கு முடிச்சேன். பில் கேட்டு வாங்குங்க, தானாத் தர மாட்டாங்க.

அந்த 40,000க்கு வேலை நடந்துச்சான்னா, பேப்பர் வேலை பிரமாதம். அதுல குறை சொன்னா நாக்கு அழுகிடும். ஃபைல் பார்க்குறது தனி ஆள், ஒரு தம்பி. மகளோட பிறப்புச் சான்றிதழ்ல பேரே ஏத்தலைன்னு முதல் நாளே கண்டுபிடிச்சான். அந்தக் காலத்துல "பெண் குழந்தை"ன்னு மட்டும் எழுதிக் குடுத்தது. "சார், இது இங்க ஒண்ணும் பண்ணாது, அங்க போனப்புறம் ஒவ்வொரு ஆபீஸ்லயும் நிக்க வைக்கும்"னான். மாநகராட்சியில பேர் சேர்த்து, வெளிநாட்டுல செல்லுபடியாகுறதுக்கான அப்போஸ்டில் முத்திரையும் வாங்கினோம். அவன் சொன்ன மாதிரியே அங்க ஹெல்த் கார்டுக்கும் அந்தச் சான்றிதழ்தான் கேட்டாங்க, வீட்டு வாடகை உதவிக்கும் அதுதான். பிரெஞ்சு மொழிபெயர்ப்போட வச்சிருந்ததால மகளுக்கு லேசா முடிஞ்சுது. கூடப் போன வேற ஊர்ப் பையன் ஒருத்தன் மாசக்கணக்கா அலைஞ்சான். விசாவுக்கு மாசம் 615 யூரோன்னு ஒரு வருஷக் கணக்கு காட்டணும். அந்த பேங்க் பேப்பரையும் தம்பி ஒரு தப்பில்லாம அடுக்கிக் குடுத்தான். ரெண்டு ஸ்டார் அவனுக்கே போகட்டும்.

இன்டர்வியூ பயிற்சிதான் கண்றாவி. விசாவுக்கு முன்னாடி கேம்பஸ் பிரான்ஸ்னு அந்த அரசாங்கத்தோட ஆபீஸ் ஒரு நேர்காணல் வைக்கும். சென்னையில நுங்கம்பாக்கம் காலேஜ் ரோட்டுல இருக்கு. அதுக்கு இவங்க ரெண்டு பக்கம் டைப் அடிச்சுக் குடுத்து மனப்பாடம் பண்ணச் சொன்னாங்க. "பிரான்ஸ் கலாச்சாரத்தின் நாடு"ன்னு ஆரம்பிக்குது. மக அதை ரயில்லயே மடிச்சுப் பைக்குள்ள போட்டுட்டா. அங்க கேட்டது ஏன் இந்தக் கோர்ஸ், ஏன் இந்த ஊரு, திரும்பி வந்து என்ன பண்ணுவே, அவ்வளவுதான். அவளுக்கு அது தெரியும்.

ஏன் அந்த ஊருங்கிறது கவுன்சிலருக்குத்தான் கடைசி வரை தெரியலை. "கிரெனோபிளா? அங்க ஏர்போர்ட் இருக்கா அங்கிள்?"னு என்னையே கேட்டுச்சு. பாரிஸ்ல இருந்து வேக ரயில்ல மூணு மணி நேரம்னு மக சொன்னா. ஐசேர், ட்ராக்னு ரெண்டு ஆறு கூடுற முனையில 844 மீட்டர் சுற்றளவுக்கு ஒரு சின்க்ரோட்ரான் (எலக்ட்ரானை வேகமாச் சுத்தவிட்டு எக்ஸ்ரே கதிர் எடுக்குற வளைய மெஷின்), பக்கத்துலயே நியூட்ரான் ஆராய்ச்சிக்கூடம். ஃபிசிக்ஸ் படிக்கிறவங்களுக்கு அதைவிட என்ன வேணும்? சுத்தியும் வெர்கோர், ஷார்த்ரூஸ், பெல்டோன்னு மலை. வீடியோ கால்ல என் சம்சாரம் பார்த்துட்டு, "ஏற்காடு அடிவாரத்துல இருந்து கிளம்பி இன்னொரு அடிவாரத்துக்குத்தானா போயிருக்கே கண்ணு"ன்னா. யுனிவர்சிட்டி பக்கத்து ஊர் சான்-மார்த்தன்-தேர்ல, ட்ராம்ல போய்டலாம். மத்தியானச் சாப்பாடு மாணவர் கேன்டீன்ல அப்ப 3.30 யூரோ. காரம் இல்லைன்னு புலம்பல், அதுக்கு தட்டுவடை பார்சல் போச்சு.

இனி காசு வீணாப் போற இடம். "அக்காமடேஷன் பேக்கேஜ்"னு ஒண்ணு விப்பாங்க, வாங்காதீங்க. அங்க வீட்டுக்காரர் பிரான்ஸ்லயே ஜாமீன் ஆள் கேட்பார், அதைக் காட்டிப் பயமுறுத்தி ஒரு தொகை கேட்பாங்க. விசால்னு ஒரு ஜாமீன் திட்டம் இருக்கு, ஆன்லைன்ல மாணவர்களே போட்டுக்கலாம், சல்லிக்காசு கிடையாது. மக அதை வச்சுத்தான் ரூம் எடுத்தா. அதே மாதிரி ஒரு வருஷ இன்சூரன்ஸ் தலையில கட்டப் பார்த்தாங்க. போய்ச் சேர்ந்ததும் மாணவர்களுக்கு அரசாங்க மருத்துவக் காப்பீட்டுப் பதிவு இலவசம்; டாக்டர் ஃபீஸ்ல 70 சதவீதம் போல திரும்பி வரும். ஆரம்பத்துக்கு மட்டும் சின்ன பாலிசி எடுத்தோம், போதும்.

பார்ட் டைம் வேலை செஞ்சே ஃபீஸ் கட்டிடலாம்னு சொல்றதையும் காதுல வாங்காதீங்க. சட்டப்படி வருஷத்துக்கு 964 மணி நேரம் வேலை பார்க்கலாம், உண்மைதான். ஆனா காலையில எட்டு மணிக்கு கிளாஸ், சாயங்காலம் வரைக்கும் லேப். மக லீவுலதான் வேலை பார்த்தா. கைகொடுத்தது கடைசி வருஷ இன்டர்ன்ஷிப். ரெண்டு மாசத்துக்கு மேலன்னா காசு குடுத்தே ஆகணும்னு அங்க சட்டம்.

மார்க் விஷயத்தை யாருமே சொல்லலை. முதல் செமஸ்டர்ல ஒரு பேப்பர்ல 20க்கு 11.5. ராத்திரி போன் பண்ணி அழுதா. இங்க எங்க வீட்டம்மாவும் சேர்ந்து அழுகை. கன்சல்டன்சிக்கு போன் போட்டா, "கவலைப்படாதீங்க அங்கிள், அரியர் எழுதிக்கலாம்"னுச்சு கவுன்சிலர் பொண்ணு. அரியராவது ஒண்ணாவது! அங்க பத்து வந்தாலே பாஸ், பன்னெண்டு பரவாயில்லை, பதினாலு நல்லது, பதினாறு வாங்கினா ரொம்ப நல்லதுன்னு சர்டிபிகேட்லயே போடுவாங்க. நம்ம பிள்ளைங்க 95க்குக் குறைஞ்சா சாப்பிடாத ஜாதி. கிளம்புறதுக்கு முன்னாடியே இதைச் சொல்லி அனுப்ப அஞ்சு நிமிஷம்கூட ஆகாது.

இன்னொண்ணு. 2023 ஜூலைக்கு அப்புறம் "படிச்சு முடிச்சா அஞ்சு வருஷம் வொர்க் விசா"ன்னு போர்டே வச்சாங்க. அது வேலை பார்க்குற விசா இல்லைங்க. அங்க மாஸ்டர்ஸ் முடிச்ச இந்தியர்கள் அப்பப்ப போய் வர்றதுக்கான குறுகிய கால விசா, அதோட ஆயுசு அஞ்சு வருஷம். தங்கி வேலை தேடுறதுக்கு வேற அனுமதி, அதைத் தனியாப் போடணும். மக அதைப் போட்டிருக்கா. போர்டு இன்னும் அங்கேயேதான் இருக்கு, போன வாரம் அந்தப் பக்கம் போனப்ப பார்த்தேன்.

மொத்தம் அஞ்சுக்கு மூணு. ஃபைல் வேலைக்கு மட்டும் போங்க, எந்த யுனிவர்சிட்டின்னு வீட்லயே முடிவு பண்ணிட்டுப் போங்க. பிள்ளை கொஞ்சம் நிதானமா உட்கார்ற ஆளுன்னா அந்த ஃபைலையும் கேம்பஸ் பிரான்ஸ் தளத்துல தானே போடலாம். அந்த ஃபைல் தம்பி இப்ப சனிக்கிழமை மத்தியானம் வரைக்கும்தான் இருக்கானாம். கவுன்சிலரைத் தாண்டி நேரா அவன் டேபிளுக்குப் போங்க, கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாடி, ஜெராக்ஸ் மெஷின் பக்கத்துல.