வெயிட் ஸ்கிப்பிங் கயிறு: 14 மாதமும் ஒரு ஸ்குரூவும்

குடியாத்தத்தில் இருக்கும் நண்பன் நேற்று போன் செய்தான். "மச்சான், நீ ஆடுறியே அந்த வெயிட் கயிறு, விலை குறைஞ்சிருக்கு. வாங்கலாமா?" அவன் கேட்ட நேரத்தில் என் கயிற்றின் வலது கைப்பிடி சத்துவாச்சாரியில் ஒரு சைக்கிள் கடை மேஜையில் பிரிந்து கிடந்தது. அந்தக் கடுப்போடு எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வெயிட் கயிறு என்று விற்பதில் இரண்டு ரகம் உண்டு. ஒன்றில் கைப்பிடிக்குள் இரும்புத் துண்டு இருக்கும், கயிறு சாதாதான். அந்தக் கனம் உள்ளங்கையை விட்டு நகராது, மணிக்கட்டு வலிப்பதோடு சரி. இன்னொன்றில் கயிறே கனம். என்னுடையது இந்த ரகம்: சுண்டுவிரல் தடிமனில் கறுப்பு பிவிசி, அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் கம்மி. சுற்றும்போது வெளிப்பக்கம் இழுக்கும், அதை முன்னங்கையும் தோளும் ஒவ்வொரு சுற்றிலும் பிடித்து நிறுத்த வேண்டும்.

நான் எதிர்பார்க்காதது, கால் தடுக்குவது குறைந்ததுதான். சாதாக் கயிறு காற்றில் எங்கே இருக்கிறதென்றே எனக்குத் தெரியாது, பத்துக்கு ஒருமுறை காலில் மாட்டும். இது தலைக்குப் பின்னால் ஏறுவதும் முன்னால் இறங்குவதும் கைக்கே தெரிகிறது. இரண்டாம் வாரம் தடுக்காமல் 50 தாண்டினேன். இப்போது ஒரு நிமிடம் ஆட்டம், அரை நிமிடம் ஓய்வு என்று பத்து தடவை. போன தைக் கிருத்திகைக்கு ரத்தினகிரி படியில் நடுவில் உட்காராமல் ஏறினேன். வீட்டில் இன்னும் யாரும் நம்பவில்லை.

டப்பாவில் கலோரி இரட்டிப்பு என்று போட்டிருந்ததை மட்டும் நானும் நம்பவில்லை. கயிறு கனத்தால் வேகம் குறையும். சாதாக் கயிற்றில் நிமிடத்துக்கு 120 போகும் என் மகள் இதில் 90 தாண்டவில்லை. என் தொப்பை குறைந்ததில் பாதிப் புகழ் சாயங்கால போண்டாவை விட்டதற்குத்தான் போக வேண்டும்.

முதல் மாதம் மொட்டை மாடியில் வெறுந்தரையில் குதித்துக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. பழைய ரப்பர் பாயை விரித்து, தரையிலிருந்து ஒரு அங்குலம் மட்டும் எழும்பப் பழகியதும் வலி போனது. கீழ்வீட்டு அம்மாவின் புகாரும் அதோடு நின்றது. கயிற்றின் நடுவில் ஒரு காலால் மிதித்துப் பிடித்தால் கைப்பிடி அக்குள் வரை வர வேண்டும், அதுதான் அளவு. கத்தரி வெயிலில் மாடியில் விட்டால் கயிறு சேமியா மாதிரி துவண்டுவிடும். மார்கழிக் காலையில் சுருண்ட சுருள் பிரியவே பிரியாது. இதையெல்லாம் மன்னித்துவிடலாம்.

மன்னிக்க முடியாதது அந்த ஸ்குரூ. கயிறு கைப்பிடிக்குள் நுழையும் இடத்தில் ஒரு பேரிங், அதைப் பிடித்துக்கொள்ள மிளகு அளவில் ஒரு திருகு. கயிறு கனமாக இருப்பதால் இழுப்பெல்லாம் அங்கேதான் விழுகிறது. முந்நூறு சுற்றுக்குள் தளர்ந்துவிடும். தினமும் ஆட்டத்துக்கு முன் ஸ்குரூ டிரைவரைத் தேடுவதே ஒரு உடற்பயிற்சி. ஒருநாள் கழன்று, கயிறு கைப்பிடிச் சுவரைத் தாண்டிப் பக்கத்து வீட்டு முருங்கை மரத்தில் போய்த் தொங்கியது. விற்றவர்களுக்கு மூன்று முறை போட்டோ அனுப்பினேன். நாலாவது முறையும் போட்டோதான் கேட்டார்கள். மகளின் நெயில் பாலிஷை மரையில் தடவி இறுக்கினேன், இரண்டு வாரம் தாங்கியது. இந்த 1,100 ரூபாய்ப் பொருளில் உருப்படியாக வேலை செய்த பாகம் அந்த நெயில் பாலிஷ்தான்.

முந்தாநாள் பேரிங்கே கரகரவென்றது. சைக்கிள் கடைக்கு எடுத்துப் போனேன்.

"இன்னா சார், சைக்கிள் எங்கே?" என்றார் பாய்.

கைப்பிடியைக் காட்டினேன். பிரித்துத் துணியில் தட்டினார். மாடித் தூசி மூக்குப்பொடி மாதிரி கொட்டியது. "கிரீஸே வைக்கல சார் இதுல. ஸ்பிரிங் வாஷரும் இல்ல. எப்படி நிக்கும்?" திருகு தளராமல் இருக்க அடியில் போடும் அந்த வளையம் ஐந்து ரூபாய்கூட இருக்காது.

அதனால் நண்பனுக்குப் பதில் சொல்லிவிட்டேன்: வாங்காதே, எவ்வளவு குறைத்தாலும் வாங்காதே. சாதாக் கயிறு ஒன்று எடுத்து, தடுக்கித் தடுக்கியே ஆடு.

பாய் இன்று சாயங்காலம் ஆறு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார். ஐந்தரைக்கே கிளம்பினால் வந்து இருட்டுவதற்குள் நாலு சுற்றாவது ஆடிவிடலாம்.