நம்ம மெட்ரோ நெடுநாள் பயன்பாடு: கேட், மெஜஸ்டிக், ஊருக்குப் போகும் வழி

பெங்களூரு மெட்ரோ எப்படி என்று கேட்டால் முதலில் ஏசியைச் சொல்வார்கள், அடுத்து டிக்கெட் விலையைச் சொல்வார்கள். இரண்டும் சரிதான். ஆனால் தினமும் ஏறி இறங்குகிறவர்கள் போடும் கணக்கு வேறு. வண்டி நகர ஆரம்பித்துவிட்டால் நேரம் வீணாவதில்லை. வீணாவதெல்லாம் வாசலுக்கு வெளியே, கேட்டில், லைன் மாறும் இடத்தில். எனவே பெட்டியின் அழகைப் பற்றி இங்கே அதிகம் இருக்காது. ஓசூர், சேலம், மதுரை என்று வெள்ளி ராத்திரி கிளம்பி திங்கள் விடியலில் திரும்புகிறவர்களுக்கு உதவும் விஷயங்கள்தான் அதிகம்.

2011 அக்டோபர் 20 அன்று பையப்பனஹள்ளி முதல் எம்.ஜி. ரோடு வரை ஆறே ஸ்டேஷனுடன் ஆரம்பித்தது. இப்போது பர்ப்பிள் லைன் ஒயிட்ஃபீல்டு காடுகோடியிலிருந்து சல்லகட்டா வரை 43 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல், 37 ஸ்டேஷன். க்ரீன் லைன் மாதவாராவிலிருந்து சில்க் இன்ஸ்டிடியூட் வரை. யெல்லோ லைன் ஆர்.வி. ரோடு முதல் பொம்மசந்திரா வரை 19 கிலோமீட்டர், 16 ஸ்டேஷன்; 2025 ஆகஸ்ட் 10 அன்று திறந்தார்கள். மறுநாள் திங்கட்கிழமை எல்லா லைனும் சேர்த்து ஒரே நாளில் 10.48 லட்சம் பேர் பயணம் செய்தார்கள். அந்தக் கூட்டத்தை மனதில் வைத்துக்கொண்டு மற்றதைப் படியுங்கள்.

முதலில் கேட். காலை ஒன்பது மணிக்கு இந்திராநகரிலோ மெஜஸ்டிக்கிலோ கேட் முன்னால் நிற்கும் வரிசை பெரும்பாலும் ஒரே காரணத்துக்காகத் தடைபடும்: கார்டை வைக்காமல் தேய்ப்பது. கார்டுக்குள் பேட்டரி கிடையாது. ரீடருக்கு அருகில் வரும்போது அது கொடுக்கும் சக்தியில்தான் சிப் உயிர்பெற்று, இருக்கும் பணத்தைச் சொல்லி, ‘இந்த ஸ்டேஷனில் உள்ளே வந்தார்’ என்று தன்மேல் எழுதிக்கொள்கிறது. எழுதி முடிப்பதற்குள் இழுத்துவிட்டால் பாதி எழுத்து. இறங்கும் இடத்தில் கேட் திறக்காது, கஸ்டமர் கேர் ஜன்னலுக்குப் போய் வரிசையில் நின்று சரிசெய்யவேண்டும். தட்டையாக வையுங்கள், திரையில் அம்புக்குறியும் மீதித்தொகையும் வரும்வரை எடுக்காதீர்கள். ஒரு நொடிகூட ஆகாது.

இன்னொரு சிக்கல் பர்ஸில் இருக்கிறது. மெட்ரோ கார்டு, தட்டிப் பணம் கட்டும் வங்கி கார்டு, ஆபீஸ் ஐடி மூன்றையும் ஒரே பர்ஸில் அடுக்கி, பர்ஸோடு ரீடரில் வைப்பவர்கள் உண்டு. மூன்றும் ஒரே நேரத்தில் பதில் சொல்லும். சில சமயம் கேட் எதையுமே ஏற்காது. சில சமயம் உள்ளே ஒரு கார்டில் போய், வெளியே இன்னொன்றில் வரப் பார்ப்பீர்கள். பொது மொபிலிட்டி கார்டு, அதாவது எல்லா ஊர் மெட்ரோவிலும் செல்லும் அந்த வங்கி கார்டு வைத்திருப்பவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும். கார்டை வெளியே எடுத்து வைப்பதுதான் வழி.

அந்த மொபிலிட்டி கார்டைப் பற்றி மேலும் ஒன்று. போனில் ரீசார்ஜ் செய்தவுடன் பணம் கார்டில் ஏறிவிட்டதாக நினைக்கிறார்கள். ஏறாது. கேட் வங்கியைக் கேட்பதில்லை, சிப்பில் இருக்கும் பணத்தை மட்டும் பார்க்கிறது. ஆன்லைனில் போட்ட தொகையை ஸ்டேஷனில் இருக்கும் கருவியிலோ கவுன்டரிலோ கார்டை வைத்துச் சிப்புக்கு மாற்றவேண்டும். இதை அவசரமில்லாத ஒரு மாலையில் செய்துவைப்பது நல்லது. திங்கள் காலை கவுன்டரில் நின்று செய்யும் வேலை அல்ல.

சாதாரண ஸ்மார்ட் கார்டில் 90 ரூபாய்க்குக் கீழே போய்விட்டால் கேட் உள்ளே விடாது. பத்து ரூபாய்த் தூரத்துக்கு எதற்கு 90 என்றால், நீங்கள் எங்கே இறங்கப்போகிறீர்கள் என்பது உள்ளே போகும்போது கேட்டுக்குத் தெரியாது. அதிகபட்சக் கட்டணம் கையில் இருக்கிறதா என்று பார்க்கிறது. வாட்ஸ்ஆப்பில் எடுக்கும் க்யூஆர் டிக்கெட்டில் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் அதை வீட்டிலேயே எடுத்துவிடுங்கள். நிலத்தடி ஸ்டேஷன்களில் கேட் முன்னால் நின்று எடுக்கப் போனால் சிக்னல் தடுமாறும்; திரை வெளிச்சம் குறைவாக இருந்தாலும் ரீடர் படிக்காது.

கட்டணத்தைப் பேசாமல் முடியாது. சென்னை உயர் நீதிமன்ற ஓய்வுபெற்ற நீதிபதி ஆர். தாரணி தலைமையிலான குழுவின் பரிந்துரைப்படி 2025 பிப்ரவரி 9 முதல் அதிகபட்சம் 60-லிருந்து 90 ரூபாயானது. குறைந்தபட்சம் 10-லேயே நின்றது. எரிச்சல் இன்னும் தணியவில்லை, அதில் நியாயமும் இருக்கிறது. கார்டில் போனால் 5 சதவீதம் கழிவு. காலை 8 மணிக்கு முன், பகல் 12 முதல் 4 வரை, இரவு 9-க்குப் பிறகு மேலும் 5 சதவீதம். ஞாயிற்றுக்கிழமை நாள் முழுக்க 10. ஒரு வழிக்கு 60 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் 22 நாள் வேலை, 44 பயணம். கார்டில் 132 ரூபாய் மிச்சம். இரண்டு வேளையும் கூட்டமில்லாத நேரத்தில் போகமுடிந்தால் 264. இதற்காக வேலை நேரத்தை மாற்றச் சொல்லமாட்டோம். ஆனால் டோக்கன் வாங்கிக்கொண்டே இருப்பவர்கள் இதைப் போட்டுப் பார்க்கவேண்டும்.

உண்மையில் கையைக் கடிப்பது மெட்ரோ டிக்கெட் இல்லை, அதற்கு முன்னும் பின்னும் வரும் ஆட்டோ. 2025 ஆகஸ்ட் முதல் மீட்டர் முதல் 2 கிலோமீட்டருக்கு 36 ரூபாய், அதன்பின் கிலோமீட்டருக்கு 18. வீட்டிலிருந்து ஸ்டேஷன் 3 கிலோமீட்டர் என்றால் 54 ரூபாய், அதுவும் மீட்டர் போட்டால். எலெக்ட்ரானிக் சிட்டியில் ஸ்டேஷனிலிருந்து கம்பெனி வாசலுக்கு இன்னொரு ஆட்டோ. இரண்டையும் கூட்டினால் நடுவில் ஓடிய ரயில் மலிவாகத் தெரியும். நகர பஸ் நிறுவனமான பிஎம்டிசி, மெட்ரோ ஸ்டேஷனுக்குக் கொண்டுவிட ஓட்டும், எம்.எஃப். என்று தொடங்கும் ஃபீடர் பஸ்கள் இருக்கும் பகுதியில் வீடு பார்ப்பது இதற்காகவே நல்லது. பெண்களுக்கான இலவசப் பயணம், சக்தி திட்டம், அந்த பஸ்ஸில் கிடைக்குமா என்று நம்மவர்கள் கேட்பதுண்டு. சாதாரண பஸ்ஸில் கிடைக்கும், ஆனால் கர்நாடக முகவரி உள்ள அடையாள அட்டை வேண்டும். ஆதார் இன்னும் தர்மபுரி முகவரியில் இருந்தால் கண்டக்டர் டிக்கெட்தான் கிழிப்பார். மெட்ரோவில் அந்தத் திட்டமே கிடையாது.

இனி மெஜஸ்டிக். பர்ப்பிளும் க்ரீனும் பூமிக்கடியில் ஒன்றின்மேல் ஒன்றாகக் குறுக்கிடும் இடம். மாறுவதற்குக் கேட்டைத் தாண்டி வெளியே போகக் கூடாது. புதியவர்கள் செய்யும் முதல் தவறு இது, வெளியே போனால் பயணம் முடிந்ததாகக் கணக்கு. மாலை ஆறரை மணிக்கு இங்கே நடப்பதைப் பாருங்கள்: ஒரு க்ரீன் லைன் வண்டி காலியாகிறது, அத்தனை பேரும் இரண்டு எஸ்கலேட்டரையும் ஒரு படிக்கட்டையும் நோக்கி நகர்கிறார்கள். காவலர் விசில் ஊதி, கயிறு பிடித்து, பாதிப் பேரை நிறுத்துகிறார். மேலே பிளாட்ஃபாரம் நிறைந்திருந்தால் எஸ்கலேட்டரிலிருந்து வருபவர்களுக்குக் கால் வைக்க இடம் இருக்காது, பின்னால் வருபவர்கள் தள்ளிக்கொண்டே இருப்பார்கள். அதனால்தான் அந்தக் கயிறு. திட்டாதீர்கள். எஸ்கலேட்டரை விட்டுப் படிக்கட்டில் போனால் பெரும்பாலும் ஒரு வண்டி முந்திக் கிடைக்கும்.

வண்டி வந்ததும் ஏறிவிடாமல் அது எங்கே போகிறது என்று பலகையைப் பாருங்கள். கூட்ட நேரத்தில் பர்ப்பிள் லைனில் சில வண்டிகள் கடைசி வரை போகாமல் நடுவிலேயே திரும்பிவிடும். ஒயிட்ஃபீல்டு போகிறவர் அதில் ஏறினால் வழியில் இறங்கி நிற்கவேண்டும். ஆனால் இந்திராநகரில் இறங்குபவருக்கு அந்த வண்டிதான் வசதி, கூட்டம் குறைவு. போகும் திசையில் முதல் பெட்டி பெண்களுக்கு. குடும்பமாக ஏறுபவர்கள் இரண்டாவது பெட்டிக்கு நேராக நின்றால் பிரியவேண்டியதில்லை.

அறிவிப்புகள் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும். கன்னட அறிவிப்பில் ‘முந்தின நில்தாண’ என்று வரும். தமிழ்க் காதுக்கு அது தாண்டிவந்த ஸ்டேஷன் போலக் கேட்கும். அவர்களுக்கு முந்தின என்றால் முன்னால் வரப்போவது, அடுத்தது. இதைக் கேட்டுப் பதறி எழுந்தவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். ‘எட’ என்றால் நம் இடது, ‘பல’ என்றால் வலது. கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்பதற்கு இந்த இரண்டு சொல் போதும்.

தண்டவாளத்தில் போனோ கார்டோ விழுந்தால் இறங்கவே இறங்காதீர்கள். இங்கே மேலே கம்பி இல்லை. தண்டவாளத்துக்குப் பக்கத்திலேயே ஓடும் மூன்றாவது தண்டவாளத்தில் 750 வோல்ட் நேர்மின்சாரம் போகிறது. சாதாரண ரயில் பாதையைத் தாண்டிப் பழகிய கால்களுக்கு இது புரிவதில்லை. ஊழியரிடம் சொன்னால் இடைவெளி பார்த்து எடுத்துத் தருவார்கள். யாராவது இறங்கிவிட்டால் பிளாட்ஃபாரத்தில் இருக்கும் அவசர விசையை அழுத்தி மின்சாரத்தை நிறுத்துவார்கள். அந்தப் பகுதியில் எல்லா வண்டியும் நிற்கும், பின்னால் வருவதெல்லாம் வரிசையாகத் தங்கும், கூட்டம் சீராக அரைமணி நேரம்கூட ஆகலாம். ‘தொழில்நுட்பக் காரணம்’ என்று சொல்லி வண்டி நிற்கும்போது சில நேரம் காரணம் இப்படி ஒரு ஆளாகவும் இருக்கலாம்.

ஊருக்குப் போகும் வழிக்கு வருவோம். ஜோலார்பேட்டை, பங்காருபேட்டைப் பக்கமிருந்து வரும் பாசஞ்சர் ரயிலில் ஒயிட்ஃபீல்டில் இறங்கினால் மெட்ரோ பக்கத்திலேயே. சென்னையிலிருந்து லால்பாக், பிருந்தாவன் வண்டிகளில் வருபவர்கள் சிட்டி வரை போகாமல் கே.ஆர். புரத்தில் இறங்கி பர்ப்பிள் லைன் பிடிக்கலாம். அல்சூர், இந்திராநகர் ஆட்களுக்கு இதுதான் சுருக்கு. மதுரை வந்தே பாரத்துக்கும் இதே யோசனை. அது போய் நிற்கும் கன்டோன்மென்டில் இன்னும் மெட்ரோ இல்லை, பிங்க் லைன் அங்கே வந்தால்தான். கே.ஆர். புரத்தில் அந்த வண்டி நிற்கும், அங்கேயே இறங்கிவிடுங்கள். டிக்கெட்டில் எஸ்.எம்.வி.டி., அதாவது சர் எம். விஸ்வேஸ்வரய்யா முனையம், என்று இருந்தால் கவனம்: பையப்பனஹள்ளி என்று பெயர் சொன்னாலும் அந்த முனையம் மெட்ரோ ஸ்டேஷனிலிருந்து இரண்டு மூன்று கிலோமீட்டர் தள்ளி. மூட்டையோடு நடக்க முடியாது. களாசிபாளையம் பஸ்ஸுக்கு கே.ஆர். மார்க்கெட்டில் இறங்கவேண்டும், யஸ்வந்த்பூர் ரயிலுக்கு க்ரீன் லைனில் அதே பெயர்.

2025 ஜனவரியிலிருந்து பர்ப்பிள், க்ரீன் இரண்டிலும் திங்கட்கிழமை முதல் வண்டி 4.15-க்கே கிளம்புகிறது, மற்ற நாட்களைப் போல 5 மணிக்கு இல்லை. ராத்திரி வண்டியில் வந்து இறங்கி, ஆட்டோக்காரர் சொல்லும் விலையைக் கேட்டு நின்ற காலத்துக்கு இது பெரிய விடுதலை. ஞாயிறு மட்டும் எதிர்மாறு: 7 மணிக்குத்தான் முதல் வண்டி. சனிக்கிழமை ராத்திரி ஊரிலிருந்து கிளம்பினால் ஞாயிறு விடியலில் ஸ்டேஷன் பூட்டியிருக்கும்.

யெல்லோ லைன் தனிக் கதை. மூன்றே வண்டியுடன் 25 நிமிட இடைவெளியில் திறந்தார்கள். ஒவ்வொரு வண்டியாக வரவர இடைவெளி குறைந்தது. வண்டி ஓட்டுநர் இல்லாமலே ஓடக்கூடியது, ஆரம்பத்தில் எண்ணிக்கைதான் போதவில்லை. அப்போது ஆர்.வி. ரோட்டில் க்ரீனிலிருந்து மாறும்போது ஒன்றைத் தவறவிட்டால் மெஜஸ்டிக்கில் மிச்சம் பிடித்த நேரமெல்லாம் அங்கே போய்விட்டது. அட்டவணையைப் பார்த்து வீட்டைவிட்டுக் கிளம்பவேண்டியிருந்த லைன் இது. ஆனாலும் ஓசூர் பஸ்ஸில் வருபவர் பொம்மசந்திராவிலேயே இறங்கி, ஆர்.வி. ரோட்டில் மாறி, மெஜஸ்டிக் போய்ச் சேரும் நேரத்தை முன்கூட்டியே சொல்லமுடிகிறது. நெரிசலுக்குப் பேர்போன சில்க் போர்டு சிக்னலை நம்பி அப்படிச் சொன்னவர் யாருமில்லை.

அந்த லைன் ஓசூர் வரை வருமா என்பது நம்மவர்கள் கேட்காமல் விடாத கேள்வி. இன்னும் சுமார் 23 கிலோமீட்டர்தான், சென்னை மெட்ரோ நிறுவனம் ஆய்வும் செய்தது. தடை தூரத்தில் இல்லை, மின்சாரத்தில் இருக்கிறது. சென்னை முறை மேலே கம்பியில் 25,000 வோல்ட் மாறுமின்சாரம். பெங்களூரு முறை கீழே 750 வோல்ட் நேர்மின்சாரம். ஒன்றின் வண்டி மற்றதில் அப்படியே ஓடாது. இரண்டு முறைக்கும் ஒத்துவரும் வண்டி வாங்கவேண்டும், இல்லையென்றால் பொம்மசந்திராவில் இறங்கி வண்டி மாறவேண்டும். இப்போது பஸ்ஸிலிருந்து இறங்கிச் செய்வதும் அதைத்தான்.