ஆர்லிங்டன் நோக்கிச் செல்லும் வளையங்கள்: ஒரு நினைவுப் பயணத்தின் மதிப்புரை

ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் மாதத்தில், அமெரிக்காவின் வடகிழக்கு மூலையிலுள்ள மெய்ன் மாநிலத்தின் கொலம்பியா ஃபால்ஸ் என்னும் சிற்றூரிலிருந்து, பசுந்தழை வளையங்களை ஏற்றிய லாரிகளின் அணி ஒன்று, படைவீரர்கள் அடக்கம் செய்யப்பட்டுள்ள, வாஷிங்டனை ஒட்டிய ஆர்லிங்டன் தேசியக் கல்லறைத் தோட்டத்தை நோக்கிப் புறப்படுகிறது. இரண்டு நாளில் முடித்துவிடக்கூடிய தூரத்தை ஏறத்தாழ ஒரு வாரம் எடுத்துக்கொண்டு, ஊர் ஊராக நின்று கடக்கிறார்கள். ரீத்ஸ் அக்ராஸ் அமெரிக்கா என்னும் அறக்கட்டளை நடத்தும் இந்தப் பயணத்தைக் கடந்த டிசம்பரில்தான் நேரில் கண்டேன். அதற்குமுன் மூன்று ஆண்டுகள் வளையத்துக்குப் பணம் மட்டும் கட்டிவந்தேன். பணம் கட்டுவதற்கும் போய் நிற்பதற்கும் உள்ள வேறுபாடு பெரிது என்பதால் இதை எழுதுகிறேன்.

1992இல், மொரில் வொர்ஸ்டர் என்ற வளைய வணிகரிடம் கிறிஸ்துமஸ் பருவத்தின் முடிவில் சுமார் 5,000 வளையங்கள் தேங்கிவிட்டன. செய்தித்தாள் போடும் சிறுவனாக இருந்தபோது பரிசாகக் கிடைத்த வாஷிங்டன் பயணத்தில் அவர் கண்ட ஆர்லிங்டன் மனத்தில் நின்றிருந்ததால், மெய்னின் மக்கள் பிரதிநிதியாக இருந்த ஒலிம்பியா ஸ்னோவின் உதவியோடு, பார்வையாளர் அதிகம் வராத பழைய பகுதியின் கல்லறைகளில் அவற்றை வைத்தார். ஆண்டுதோறும் ஓசையின்றி நடந்துவந்த இச்செயல், 2005இல் பனி மூடிய கற்களில் வளையங்கள் சாய்ந்திருக்கும் புகைப்படம் ஒன்று இணையத்தில் பரவியதும் நாடெங்கும் தெரியவந்தது. 2007இல் அறக்கட்டளை உருவாயிற்று.

பால்சம் ஃபர் மரத்தின் நுனிக்கிளைகளை ஒடித்து, கம்பி வளையத்தில் கையால் கட்டுகிறார்கள். ஊசியிலைகள் உதிராமல் நிற்க வேண்டுமானால் சில இரவுகளேனும் கடும் உறைபனி இறங்கியிருக்க வேண்டும் என்பதால், அதற்குமுன் கிளையில் கை வைப்பதில்லை. நுனியை மட்டும் எடுப்பதால் மரம் பிழைத்து மீண்டும் துளிர்க்கிறது. கோடையில் காட்டு ப்ளூபெர்ரி அறுவடையை நம்பியிருக்கும் அந்தப் பகுதி மக்களுக்குக் குளிர்காலத் தொடக்கத்தில் இது வேலையும் கூலியும் தருகிறது. சிவப்பு நாடா ஒன்றைத் தவிர வேறு அலங்காரம் இல்லாததே வளையத்தின் அழகு.

நான் நின்றது முதலாம் எண் நெடுஞ்சாலையோரத்து ஒரு சிறிய பள்ளியின் முன்பு. தீயணைப்பு வண்டியின் ஏணியிலிருந்து பெரிய கொடி ஒன்று தொங்கியது. முதலில் காவல்துறை வண்டிகளும், பிறகு படைவீரர்களின் இறுதிச்சடங்குகளில் அணிவகுத்து மரியாதை செலுத்தும் பேட்ரியாட் கார்டு ரைடர்ஸ் அமைப்பினரின் மோட்டார் சைக்கிள்களும், அவற்றின் பின்னால் கோல்ட் ஸ்டார் தாய்மார்கள் வந்த வண்டிகளும், கடைசியில் லாரிகளும் வந்தன. முதல் உலகப்போர்க் காலத்தில், மகனைப் படைக்கு அனுப்பிய வீட்டின் சன்னலில் நீல நட்சத்திரக் கொடி தொங்கும். அவன் இறந்துவிட்டால் நீலத்தின்மேல் பொன்னிற நட்சத்திரத்தைத் தைப்பார்கள். பிள்ளையைப் போரில் பறிகொடுத்த தாய்க்கு இந்தப் பெயர் வந்தது அதனால்தான்.

அவர்களில் ஒருவர் இறங்கி வந்து, மகனின் படத்தைப் பிள்ளைகளிடம் காட்டினார். அவன் எங்கே, எப்படி இறந்தான் என்று அவரும் சொல்லவில்லை, பிள்ளைகளும் கேட்கவில்லை. முன்வரிசையிலிருந்த ஒரு சிறுமி, அவர் வீட்டில் நாய் இருந்ததா என்று கேட்டாள். அந்தத் தாயின் முகம் மலர்ந்தது. நாயின் பெயரையும், அது மகனின் காலணிகளைக் கடித்துப்போட்ட கதையையும் பத்து நிமிடம் சொன்னார். நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோர் அடங்கியிருக்கும் ஆர்லிங்டனில் எண்ணிக்கைதான் முதலில் கண்ணை நிறைக்கும். இந்தப் பள்ளி வாசலில் எங்கள் முன் இருந்தவன் ஒரே ஒருவன். அவனுக்கு ஒரு நாயும் இருந்தது. இந்தப் பயணம் ஊர் ஊராக நிற்பதன் பொருளை அப்போதுதான் உணர்ந்தேன்.

அதே வாரத்துச் சனிக்கிழமை, ஆர்லிங்டனில் வளையம் வைக்கப்படும் நாளிலேயே, நாடெங்கும் பல கல்லறைத் தோட்டங்களிலும் வைக்கிறார்கள். என் மகளுடன் எங்கள் ஊர்க் கல்லறைக்குப் போனேன். வளையத்தை வைத்ததும் கல்லிலுள்ள பெயரை வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்பது அங்குள்ள வழக்கம். எங்களுக்கு வாய்த்த கல்லில் இருந்தது பிரெஞ்சுப் பெயர், மகள் தடுமாறினாள். அடுத்த வரிசையில் நின்ற மூதாட்டி ஒருவர் வந்து, சரியான உச்சரிப்பைச் சொல்லிக்கொடுத்து, பிசகாமல் வரும்வரை மூன்றுமுறை சொல்லவைத்தார். யூத வீரர்களின் கல்லறைகளில், குடும்பத்தார் கேட்டாலன்றி வளையம் வைப்பதில்லை என்பதையும் அன்றுதான் அறிந்தேன். அந்தக் கவனத்தைப் பாராட்டுகிறேன்.

பணம் கட்ட எண்ணுவோர் இரண்டு செய்திகளை அறிந்திருக்க வேண்டும். வளையம் ஒன்றுக்கு 17 டாலர் கட்டினேன். உள்ளூர்க் குழு ஒன்றின் வழியாகக் கட்டினால், அதில் 5 டாலர் அந்தக் குழுவின் பணிகளுக்குத் திரும்புகிறது. ஆகவே அந்த வழியையே பரிந்துரைக்கிறேன். அடுத்து, அறக்கட்டளை வளையங்களை வாங்குவது வொர்ஸ்டர் குடும்பத்தின் நிறுவனத்திடமிருந்துதான். இது ஒளிவுமறைவின்றி வெளியில் தெரிந்த செய்தியே என்றாலும், கேள்விகளும் எழுந்திருக்கின்றன. எனக்கு இது தடையாகத் தோன்றவில்லை. ஆயினும் கொடுப்பவர் தெரிந்துகொண்டு கொடுப்பதே முறை.

நேரில் போக விரும்புவோர் வழித்தட அறிவிப்பைப் பார்த்து, பெருநகரத்து நிறுத்தத்தை விட்டுச் சிற்றூர் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். மெய்னின் டிசம்பர்க் காற்று எலும்பைத் தொடும் என்பதால் காலுறை இரண்டு அடுக்காவது வேண்டும். ஜனவரியில் காய்ந்த வளையங்களை எடுக்கும் நாள் ஒன்றும் உண்டு. எங்கள் கல்லறையில் வைக்க வந்தவர்களில் கால்பங்கினர்கூட எடுக்க வரவில்லை. நாங்கள் ஏழு பேர் மாலைவரை சுமந்தோம். பெயர் பதிவு செய்யும்போதே அந்த நாளையும் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். கம்பி கையைக் கிழிக்கும்; தடித்த கையுறை எடுத்துச் செல்லுங்கள்.